அமேசன் காட்டில் பதினொரு நாட்கள்

"பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்வி நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒன்று. பாம்பைப் பற்றி, பறவையைப் பற்றி, ஆற்றைப் பற்றி, காயத்துக்கு மருந்து கட்டுவதைப் பற்றி மகள் ஏதேனும் கேட்டால், "அதை விட்டுவிட்டு உன் வேலையைப் பார்" என்று அனுப்பி விடுகிறோம். ஒரு நாள் அவள் தனித்து நிற்க நேர்ந்தால் எந்த அறிவு அவளுக்குக் கைகொடுக்கும் என்று நாம் யோசிப்பதில்லை.

தாயும் தந்தையும் சொல்லிக் கொடுத்த சில சின்ன விடயங்களை மட்டுமே துணையாகக் கொண்டு, உலகின் மிகப் பெரிய மழைக்காட்டிலிருந்து உயிரோடு வெளியே வந்த 17 வயதுப் பெண்ணொருத்தியின் கதை இது. அவள் பெயர் யூலியானே கோப்கே. கதை நடந்தது தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில், 1971ஆம் ஆண்டின் கடைசி நாட்களில்.

காட்டில் ஒரு வீடு

யூலியானேயின் தந்தை ஹான்ஸ் வில்ஹெல்ம் கோப்கே, தாய் மரியா கோப்கே. இருவரும் ஜேர்மனியர்கள், இருவரும் விலங்கியல் அறிஞர்கள். தாய் பறவைகளை ஆராய்வதில் பெயர் பெற்றவர். ஆராய்ச்சிக்காகப் பெருவில் குடியேறிய இத்தம்பதியினருக்கு, 1954இல் தலைநகர் லீமாவில் ஒரே பிள்ளையாகப் பிறந்தவள் யூலியானே.

அவளுக்கு 14 வயதாக இருந்தபோது பெற்றோர் ஒரு பெரிய முடிவை எடுத்தார்கள். 1968இல் நகரத்தை விட்டு அமேசன் மழைக்காட்டுக்குள் சென்று ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார்கள். அங்கு வாழும் ஒரு பறவையின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: பங்குவானா. மின்சாரம் இல்லை. பக்கத்து வீடு இல்லை. பாடசாலையும் இல்லை, பாடங்களை வீட்டிலிருந்தே படித்தாள்.

நகரத்தில் தோழியரோடு இருக்க வேண்டிய வயதில் காட்டுக்குப் போவதை எந்தப் பிள்ளைதான் விரும்பும்? யூலியானேயும் முதலில் விரும்பவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு காடு அவளுக்குப் பழகிப் போனது. எந்தப் பறவை எப்படிக் கூவும், அது எங்கே கூடு கட்டும் என்று தாயிடம் கற்றாள். காட்டில் வழி தவறினால் என்ன செய்வது, ஆற்றில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தந்தையிடம் கற்றாள். ஒன்றரை வருடம் இப்படிக் கழிந்தது. பின்னர் பரீட்சை எழுத வேண்டும் என்பதற்காக மீண்டும் லீமாவுக்கு வந்து படிப்பைத் தொடர்ந்தாள்.

ஒரு நாள் தாமதம்

1971 டிசம்பரில் மகளை அழைத்துக்கொண்டு பங்குவானாவுக்குத் திரும்ப வேண்டும் என்று தாய் லீமாவில் காத்திருந்தார். கிறிஸ்தவர்களின் நத்தார் பண்டிகை நெருங்கிக் கொண்டிருந்தது. சில நாட்கள் முன்னதாகவே புறப்பட்டு விடலாம் என்பது தாயின் எண்ணம். ஆனால் டிசம்பர் 23ஆம் திகதி யூலியானேயின் பாடசாலையில் பட்டமளிப்பு வைபவம். வருடக் கணக்கில் ஒன்றாகப் படித்த தோழியரோடு அந்த நாளைக் கழிக்க வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். தாய் சம்மதித்தார். எந்தத் தாய்தான் மறுப்பார்?

மறுநாள் 24ஆம் திகதி பயணத்துக்கு ஆசனம் தேடியபோது லன்சா என்ற நிறுவனத்தின் விமானத்தில் மட்டுமே இடம் கிடைத்தது. அந்த நிறுவனத்துக்கு நல்ல பெயர் இருக்கவில்லை. 1970 ஆகஸ்டில் அதன் விமானமொன்று விழுந்ததில், அதிலிருந்த 100 பேரில் 99 பேர் இறந்திருந்தார்கள். அந்த விமானத்தில் வர வேண்டாம் என்று தந்தையும் சொல்லியிருந்தார். ஆனாலும் பண்டிகைக்கு முன் வீடு போய்ச் சேரும் அவசரம். தாயும் மகளும் அதிலேயே ஏறினார்கள்.

பயணிகள் 86 பேர், பணியாளர்கள் 6 பேர், மொத்தம் 92 பேர். லீமாவிலிருந்து புக்கல்பா நகருக்கு ஒரு மணி நேரம் கூட ஆகாத பயணம். 19ஆவது வரிசையில் ஜன்னலோரத்தில் யூலியானே, பக்கத்தில் தாய்.

புறப்பட்டு அரைமணி நேரமளவில் வானம் கறுத்தது. விமானம் இடிமின்னலுக்குள் நுழைந்து குலுங்கத் தொடங்கியது. மேலேயிருந்த பெட்டிகள், பரிசுப் பொதிகள் எல்லாம் பயணிகளின் தலையில் விழுந்தன. வலப்பக்க இறக்கையில் கண்ணைப் பறிக்கும் ஒளி தோன்றியதை யூலியானே கண்டாள். எல்லாம் முடிந்தது என்று தாய் சொன்னது அவள் காதில் விழுந்தது. தாயின் குரலை அவள் கேட்டது அதுவே கடைசி.

விமானம் வானிலேயே உடைந்து சிதறியது. ஆசனத்தோடு பட்டியால் பிணைக்கப்பட்டிருந்த யூலியானே சுமார் 3,000 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாள். கீழே காட்டு மரங்கள் தன்னை நோக்கிச் சுழன்று வருவது போல் தெரிந்ததை மட்டும் அவள் நினைவில் வைத்திருந்தாள். பிறகு நினைவில்லை.

அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதற்குச் சில காரணங்களைச் சொல்கிறார்கள். மூன்று ஆசனங்கள் சேர்ந்த அந்த வரிசை காற்றில் சுழன்றபடி இறங்கியிருக்கலாம். இடிமேகத்தினுள் மேல்நோக்கி வீசும் பலத்த காற்று வேகத்தைக் குறைத்திருக்கலாம். கொடிகள் பின்னிப் பிணைந்த மர உச்சிகள் வலை போலத் தாங்கியிருக்கலாம். எப்படியானாலும் ஆசனப் பட்டியை அவள் இறுக்கிக் கட்டியிருந்தாள் என்பது மட்டும் நிச்சயம்.

கண் விழித்தபோது

கண் விழித்தபோது மறுநாள் காலை. கைக்கடிகாரம் 9 மணியைக் காட்டியது. மேலே பச்சை இலைகள், பக்கத்தில் வெறும் ஆசனம். தாயைக் காணவில்லை.

காறை எலும்பு முறிந்திருந்தது. வலது மேற்கையில் ஆழமான வெட்டு. காலிலும் காயம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தலையில் பட்ட அடியால், எழுந்து நின்றால் மயக்கம் வந்தது. அவளுக்குக் கிட்டப்பார்வை, மூக்குக்கண்ணாடியோ தொலைந்து விட்டது. உடம்பில் கை இல்லாத ஒரு மெல்லிய கோடைச் சட்டை. காலில் ஒரேயொரு செருப்பு.

தவழ்ந்தும் நடந்தும் தாயைத் தேடினாள். கூப்பிட்டுப் பார்த்தாள். காட்டின் சத்தங்களைத் தவிர வேறு பதில் வரவில்லை. விழுந்து கிடந்த பொருட்களில் ஒரு பை டொபி அவளுக்குக் கிடைத்தது. பதினொரு நாட்களில் அவள் கண்ட உணவு ஏறக்குறைய அவ்வளவுதான்.

தலைக்கு மேலே தேடும் விமானங்களின் இரைச்சல் கேட்டது. ஆனால் அந்தக் காட்டில் மர உச்சிகள் கூரை போட்டது போல மூடியிருக்கும். கீழே நிற்கும் ஒருவரை மேலிருந்து காணவே முடியாது. தான் இங்கேயே இருந்தால் யாரும் தன்னைக் காணப் போவதில்லை என்பதைக் காட்டில் வளர்ந்த பிள்ளை புரிந்து கொண்டாள்.

தந்தை சொன்ன ஒரு வார்த்தை

அப்போது அவளுடைய காதில் 'சொட்டுச் சொட்டு' என்று நீர் ஒழுகும் சத்தம் கேட்டது. தேடிப் போனாள். மிகச் சிறிய ஓர் ஊற்று. அதிலிருந்து மெல்லிய நீரோடை ஒன்று ஓடிக் கொண்டிருந்தது.

தந்தை சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. காட்டில் வழி தவறினால் ஓடும் நீரைப் பிடித்துக்கொண்டு அது போகும் திசையிலேயே போக வேண்டும். சிறிய ஓடை பெரிய ஓடையில் சேரும். பெரிய ஓடை ஆற்றில் சேரும். ஆற்றங்கரையில் எங்கேனும் மனிதர் குடியிருப்பார்கள்.

ஓடையிலே இறங்கி நடந்தாள். கரையில் செடிகொடிகள் அடர்ந்திருந்ததால் நீருக்குள் நடப்பதே இலகுவாக இருந்தது. தரையில் கால் வைக்க வேண்டி வந்தால், செருப்புப் போட்ட காலை முதலில் வைப்பாள். இலைகளுக்குள் பாம்பு கிடந்தால் வெறுங்காலைக் கடிக்கக் கூடாது அல்லவா? நீரில் நடக்கும்போது ஒரு தடியால் அடியைத் தட்டிப் பார்த்தாள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை மீனின் நச்சு முள் மிகவும் பொல்லாதது. இவை எல்லாம் அவள் புத்தகத்தில் படித்தவையல்ல. பெற்றோரோடு நடக்கும்போது பார்த்துப் பழகியவை.

காட்டில் பழம் கண்டாலும் அவள் தின்னவில்லை. மழைக்காலமானதால் அவளுக்குத் தெரிந்த பழங்கள் எதுவும் இருக்கவில்லை. தெரியாததைத் தின்றால் அது நஞ்சாக இருக்கலாம் என்று ஒதுக்கி விட்டாள். ஓடை நீரை வயிறு நிறையக் குடித்தாள். இரவில் குளிர்மழை கொட்டியது. நுளம்பும் பூச்சிகளும் மொய்த்தன. நிம்மதியான தூக்கம் ஓர் இரவு கூட இல்லை.

நான்காம் நாள், கழுகுகள் வட்டமிடும் சத்தம் கேட்டு ஓரிடத்துக்குச் சென்றாள். அங்கே ஆசனத்தோடு தலைகீழாக மண்ணில் புதைந்த நிலையில் மூன்று சடலங்கள். ஒன்று ஒரு பெண்ணுடையது. தாயாக இருக்குமோ? நெஞ்சு உறைந்து போனது. ஒரு குச்சியால் காலைத் தொட்டுப் பார்த்தாள். கால் நகங்களில் சாயம் பூசப்பட்டிருந்தது. தாய் ஒருநாளும் நகத்துக்குச் சாயம் பூசியதில்லை. அது தாய் இல்லை. மனம் ஒரு கணம் ஆறுதல் அடைந்தது. அந்த ஆறுதலை எண்ணி மறுகணமே வெட்கமும் வந்தது என்று பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார்.

தாய் தந்த அடையாளம்

நாட்கள் செல்லச் செல்லத் தலைக்கு மேலே விமானச் சத்தம் குறைந்து, பின்னர் நின்றே போனது. தேடுவதை விட்டு விட்டார்கள் என்று உணர்ந்த நேரம் எப்படி இருந்திருக்கும்?

அந்நிலையில்தான் ஒரு பறவையின் குரல் கேட்டது. ஹோட்சின் எனப்படும் அந்தப் பறவையை அவள் பங்குவானாவில் நன்றாக அறிந்திருந்தாள். அது அகன்ற நீர்நிலைகளின் ஓரத்திலேயே கூடு கட்டும். அப்படியானால் பெரிய ஆறு பக்கத்திலேயே இருக்க வேண்டும்! அந்தக் குரலைத் தேடிச் சென்று ஆற்றையும் அடைந்து விட்டாள்.

ஓடையைக் காட்டியது தந்தையின் சொல். ஆற்றைக் காட்டியது தாயின் பாடம். தாய் அருகில் இல்லாத வேளையிலும் தாய் கற்றுத் தந்தது மகளை நடத்திச் சென்றது.

ஆற்றில் நடக்க இயலாமல் நீரோடு மிதந்தும் நீந்தியும் போனாள். வெயில் முதுகைச் சுட்டுக் கொப்பளமாக்கியது. வலது கைக் காயத்தில் இலையான்கள் முட்டையிட்டுப் புழு வைத்து விட்டது. காயத்துக்குள் புழு நெளிவதை அவள் கண்ணால் கண்டாள். கையை இழந்து விடுவோமோ என்ற பயம் அவளைப் பிடித்துக் கொண்டது.

வள்ளமும் குடிசையும்

பத்தாம் நாள். எழுந்து நிற்கவே பலமில்லை. ஆற்றங்கரையில் ஒரு வள்ளம் கட்டியிருப்பது போல் தெரிந்தது. பசி மயக்கத்தில் வரும் கனவோ என்று எண்ணினாள். கையால் தொட்டுப் பார்த்த பின்புதான் நம்பினாள்.

கரையிலிருந்து ஒரு சிறு பாதை மேலே சென்றது. அங்கே ஓலை வேய்ந்த ஒரு குடிசை. உள்ளே ஆள் இல்லை. வள்ளத்தின் மோட்டாரும் கொஞ்சம் பெற்றோலும் மட்டும் இருந்தன.

பெற்றோலைக் கண்டதும் ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. வீட்டு நாய்க்கு இதே போல் புண்ணில் புழு வைத்தபோது தந்தை மண்ணெண்ணெய் ஊற்றிப் புழுக்களை வெளியேற்றியிருந்தார். அவள் பெற்றோலைக் காயத்தில் விட்டாள். உயிர் போகும் வேதனை. ஆனாலும் பற்களைக் கடித்துக்கொண்டு ஏறக்குறைய 30 புழுக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

(சகோதரிகளே, வேறு வழியே இல்லாத நேரத்தில் அவள் செய்தது இது. காயத்தில் பெற்றோலோ மண்ணெண்ணெயோ விடுவது தோலையும் சதையையும் எரித்து விடும். நாம் யாரும் வீட்டில் செய்யக் கூடாது. புழு வைத்த புண்ணை உடனே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.)

வள்ளம் இருந்தது, மோட்டார் இருந்தது, எண்ணெய் இருந்தது. எடுத்துக் கொண்டு போய் விடலாமே என்ற எண்ணம் அவளுக்கும் வந்தது. ஆனால் அது இன்னொருவரின் பொருள். அதைத் திருட அவள் மனம் இடங்கொடுக்கவில்லை. சாவின் விளிம்பில் நிற்கும்போதும் பிறர் பொருளில் கை வைக்கக் கூடாது என்று நினைக்கும் பிள்ளையை வளர்த்தது எந்தப் பாடசாலையும் அல்ல, அவளுடைய வீடுதான்.

அங்கேயே தங்கினாள். 1972 ஜனவரி 3ஆம் திகதி, மனிதக் குரல்கள் கேட்டன. காட்டில் வேலை செய்யும் சில ஆண்கள் குடிசைக்கு வந்திருந்தார்கள். கண்கள் இரத்தமாய்ச் சிவந்து, மெலிந்து, வெளிறிய நிலையில் நின்ற பெண்ணைக் கண்டதும் அவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். அந்நாட்டுக் கதைகளில் வரும் நீர்த் தேவதை என்றே நினைத்து விட்டார்கள்! அவள் ஸ்பானிய மொழியில் தான் யார், என்ன நடந்தது என்று சொன்னாள். விமான விபத்தைப் பற்றி அவர்கள் வானொலியில் கேட்டிருந்தார்கள். உணவு கொடுத்தார்கள், காயங்களைக் கழுவிக் கட்டினார்கள். மறுநாள் வள்ளத்தில் பல மணி நேரப் பயணத்தின் பின் அவளை ஊருக்குக் கொண்டு சேர்த்தார்கள். அங்கிருந்து சிறிய விமானம் ஒன்றில் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டாள்.

மீதமிருந்த துயரம்

தந்தையும் மகளும் சந்தித்தபோது தந்தையால் பேசவே முடியவில்லை. இருவரும் கட்டிக் கொண்டார்கள். அதற்குப் பிறகு தந்தை தாயைத் தேடினார். ஜனவரி 12ஆம் திகதி மரியாவின் சடலம் கண்டுபிடிக்கப்பட்டது. விழுந்தவுடன் அவர் இறக்கவில்லை என்பதும், கடும் காயங்களோடு நகர முடியாமல் கிடந்து சில நாட்களின் பின்னரே உயிர் பிரிந்தது என்பதும் பின்னர் தெரிய வந்தது. 92 பேரில் உயிர் தப்பியது யூலியானே ஒருத்தி மட்டுமே.

"நான் மட்டும் ஏன் தப்பினேன்?" என்ற கேள்வி தன்னை வாழ்நாள் முழுவதும் விடவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். பல வருடங்கள் கெட்ட கனவுகள் அவரை வாட்டின. ஒரு நாள் தாமதித்தது தன் பொருட்டுத்தானே என்ற எண்ணம் எந்தப் பிள்ளையைத்தான் சும்மா விடும்? ஆனால் மகளின் சந்தோஷத்துக்காக ஒரு நாள் காத்திருந்தது தாயின் அன்பு. மின்னல் தாக்கியதும் விமானம் உடைந்ததும் அந்தப் பிள்ளையின் குற்றமல்ல. விபத்து நடந்த வீடுகளில் "நீ அன்று அப்படிச் செய்யாதிருந்தால்" என்று பிள்ளைகளிடம் வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது. காயம் ஆறினாலும் அந்தச் சொல் ஆறாது.

லன்சா நிறுவனத்தின் அனுமதிப் பத்திரம் விபத்துக்குச் சில வாரங்களுக்குள் இரத்துச் செய்யப்பட்டது.

யூலியானே ஜேர்மனிக்குச் சென்று, பெற்றோரைப் போலவே உயிரியல் படித்தார். காட்டை வெறுத்திருக்கலாம், ஆனால் அதே பங்குவானாவுக்குத் திரும்பிப் போய் வௌவால்களை ஆராய்ந்து 1987இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். மியூனிக் நகரிலுள்ள விலங்கியல் நிலையமொன்றில் நூலகராகப் பணியாற்றினார். 2000ஆம் ஆண்டில் தந்தை காலமான பின் பங்குவானாவின் பொறுப்பை ஏற்றார். 2011இல் பெரு அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட வனப் பகுதியாக அறிவித்தது. அதே வருடம் அவர் தன் வாழ்க்கை வரலாற்றையும் நூலாக வெளியிட்டார். தன்னைக் காப்பாற்றிய காட்டைத் தான் காப்பாற்றுவதே தாய்க்குச் செய்யும் கடமை என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு

இது ஒருத்திக்கு மட்டும் நடந்த அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். 2023 மே 1ஆம் திகதி கொலம்பியா நாட்டின் அமேசன் காட்டில் ஒரு சிறிய விமானம் விழுந்தது. தாய் இறந்து விட்டார். நான்கு பிள்ளைகள் தப்பினார்கள். மூத்தவள் 13 வயதுச் சிறுமி. கடைசிப் பிள்ளை ஒரு வயது கூட நிரம்பாத குழந்தை. விமானத்திலிருந்த மரவள்ளி மாவையும், காட்டில் தின்னக்கூடிய காய்கனிகளையும் கொண்டு அந்தச் சிறுமி தம்பி தங்கையரைக் காப்பாற்றினாள். 40 நாட்களின் பின், ஜூன் 9ஆம் திகதி நால்வரும் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டார்கள். எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்ற அறிவு அவள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வந்தது.

இந்த இரு பிள்ளைகளும் வீரசாகசம் செய்யப் புறப்பட்டவர்கள் அல்லர். வீட்டில் சாதாரணமாகக் கற்றதை, அசாதாரணமான நேரத்தில் நினைவில் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் அமேசன் காட்டில் விழப் போவதில்லை. ஆனால் சந்தைக் கூட்டத்தில் கைவிடுபட்டுப் போகலாம். சுற்றுலாப் போன இடத்தில் வழி தவறலாம். வெள்ளம் வரலாம், வீட்டில் தீப்பிடிக்கலாம், வீட்டில் நாம் இல்லாத நேரத்தில் வயோதிபத் தாய் மயங்கி விழலாம். அந்நேரம் பிள்ளைக்கு என்ன தெரியும்?

வழி தவறினால், தன்னைத் தேடி வருவார்கள் என்று தெரிந்தால், இருந்த இடத்திலேயே இருப்பதுதான் நல்லது என்று சொல்லிக் கொடுங்கள். யூலியானே நடந்தது, அங்கே இருந்தால் யாராலும் காண முடியாது என்று அவளுக்குத் தெரிந்ததால்தான். வீட்டு விலாசத்தையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் மனப்பாடமாக்குங்கள். இரத்தம் வழியும் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கப் பழக்குங்கள். தெரியாத காய், பழம், மருந்து எதையும் வாயில் வைக்காதிருக்கப் பழக்குங்கள். வாகனத்தில் ஆசனப் பட்டியைக் கட்டுவதை வழக்கமாக்குங்கள். நீந்தக் கற்கும் வாய்ப்புக் கிடைத்தால், மகன் மகள் என்று பாராமல் கற்கச் செய்யுங்கள்.

இவற்றுக்குத் தனியாக வகுப்பு வைக்கத் தேவையில்லை. சோறு ஆக்கும்போதும், தோட்டத்தில் நிற்கும்போதும், பயணம் போகும்போதும் பேச்சோடு பேச்சாகச் சொல்லி விடலாம். பிள்ளை காது கொடுக்காதது போலத் தெரியும். ஆனால் மனம் ஒரு மூலையில் அதை வைத்திருக்கும்.

மரியா கோப்கே தன் மகளுக்கு ஹோட்சின் பறவையைக் காட்டிக் கொடுத்த நாளில், அது என்றோ ஒரு நாள் அவளுடைய உயிரைக் காக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார். இன்று மாலை உங்கள் மகள் ஏதேனும் ஒன்றைக் காட்டி, "உம்மா, இது என்ன?" என்று கேட்டால், வேலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து விட்டுப் பதில் சொல்லுங்கள்.